கடைசி ரீலில் வரும் நோய்

1962-ல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் முத்துராமன் புற்றுநோயாளி. ஆனால் அவர் பிழைத்துவிடுகிறார், சாவது டாக்டர்தான். இருபது வருஷம் கழித்து, 1982-ல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய், இரண்டிலும் சாவு. மருத்துவம் முன்னால் போக, சினிமா பின்னால் போயிருக்கு பாருங்க.

நம்ம படங்களுக்கு ரத்தப் புற்றுநோய்தான் ரொம்பப் பிடிக்கும். ஏன்னு யோசித்தால், அதில் முகம் கெடாது. புண் இல்லை, வாடை இல்லை, கடைசி ரீல் வரை பாடலாம். கைக்குட்டை ரத்தம் காசநோய்க் கதைகளிடம் வாங்கிய இரவல் என்று நினைக்கிறேன்.

அதே சென்னையில், முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் அடையாறு மருத்துவமனை 1954-லேயே 12 படுக்கையோடு தொடங்கியாச்சு. சில வருஷத்திலேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரமும் வந்துவிட்டது. அங்கே வந்தவர்களில் கருப்பைவாய்ப் புற்று, வாய்ப்புற்று உள்ளவர்கள் ஏராளம். கதிர்வீச்சு சில நிமிஷ வேலைதான். ஆனால் வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் போகணும். வெளியூர்க்காரங்க எங்கே தங்குவாங்க? ஆடுமாட்டை யார் பார்ப்பது? கூலி போனால் சோத்துக்கு என்ன வழி? வாயில் கதிர் வைத்தவருக்குக் கஞ்சிகூட இறங்காது. எந்தப் பாட்டில் இதை வைப்பது!

கருப்பைவாய்ப் புற்றை ஆரம்பத்திலேயே பார்த்தால் குணப்படுத்தலாம். 'வந்தா சாவுதான்' என்று நம்பியவள் எதுக்குப் பஸ் ஏறப்போறா? டாக்டர் வி. சாந்தா இந்தப் பயத்தோடும் சேர்த்துத்தான் மல்லுக்கட்டினார்.

சிகிச்சை முடிந்து களையெடுக்கப் போய், நடுவில் செக்கப்புக்கும் வந்துபோகிற ஒருத்தியை அந்தக்காலப் படம் எதிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.