மறதிநோய்ப் பரவல் ஆய்வுகள், இந்தியா

டிமென்ஷியா என்னும் மறதிநோய் இந்திய முதியவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகச் சென்று கணக்கிட்ட ஆய்வுகள். 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் டியூபிங்கனில் ஒரு பெண் நோயாளியின் மூளையைப் பற்றி நிகழ்த்திய உரையிலிருந்து இத்துறையின் கதையைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அல்சைமர் நோய் நடுவயதினருக்கு வரும் அரிய நோயாகவே கருதப்பட்டது. முதியவர்களின் மறதி மூப்பின் கணக்கில் எழுதப்பட்டது. 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் ஆகியோர் வெளியிட்ட மூளை ஆய்வுகள் அந்த எல்லைக்கோட்டைத் தளர்த்தின. இந்தியாவில் குறிப்பிடத்தக்க சமூகக் கணக்கெடுப்புகள் 1990-களில்தான் வருகின்றன.

அந்தப் பத்தாண்டின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் அறுபது வயதைக் கடந்தவர்களிடையே ராஜ்குமார் குழுவினர் கண்டது 3.5 விழுக்காடு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டக் கிராமப்புறத்தில் ஷாஜி குழுவினருக்குக் கிடைத்தது மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் 55 வயதைக் கடந்த 5,126 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளிவந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வோ, 65 வயதைக் கடந்தவர்களில் 1.36 விழுக்காட்டினருக்கே நோய் உண்டு என்றது. உலகில் பதிவான மிகக் குறைந்த அளவுகளில் இதுவும் ஒன்று. இந்திய மூளைக்கு ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்ற பேச்சு இதிலிருந்து கிளம்பியது. ஆவணங்களைச் சேர்த்துப் படித்தால் வேறொரு முடிவே வலுவாகப் படுகிறது. இந்த எண்கள் நோயை மட்டும் அளக்கவில்லை. ஒரு வீடு தன் முதியவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் சேர்த்தே அளந்திருக்கின்றன.

பல்லப்கர் குழுவின் மேல் கவனக்குறைவு என்ற பழியைச் சுமத்த முடியாது. அவர்களுடைய கேள்வித்தாள்கள் இத்துறையின் அழகான ஆவணங்களில் சேரும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது வீண் என்பதால், கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, களப்பணியாளர் தாமே கண்ணை மூடிக் காட்டி, அதேபோலச் செய்யச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்ற கேள்வி, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று மாறியது. அன்றாடத் திறனை அளக்கத் தனிப் பட்டியல் ஒன்றும் இருந்தது: சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கிறாரா, ஊருக்குள்ளேயே வழி தவறுகிறாரா, பண்டிகைகள் நினைவிருக்கிறதா, வீட்டுக் கல்யாணப் பேச்சில் கருத்துச் சொல்கிறாரா. காசோலை எழுதுவதையும் கார் ஓட்டுவதையும் விசாரித்த மேலைநாட்டுப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது புரியும். ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மகனோ மருமகளோதான். வேளாவேளைக்குச் சோறு தட்டில் வந்துவிடுகிற, பணமும் சாவியும் ஏற்கெனவே கைமாறிவிட்ட ஒரு முதியவரிடம் எந்தத் திறன் குறைந்தது என்று அவர்கள் சொல்வார்கள்? மதிப்பும் பராமரிப்பும் நன்றாக இருக்கும் வீட்டில் நோய் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் கோவாவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: இந்த அறிகுறிகளை மக்கள் நன்கறிந்திருந்தார்கள், ஆனால் அவற்றை நோயாக எண்ணவில்லை. மூப்பின் இயல்பு என்றோ, பிள்ளைகள் சரியாகக் கவனிக்காததன் விளைவு என்றோ விளக்கினார்கள். பிள்ளைகளின் குறையாகப் பார்க்கப்படும் ஒன்றை, வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் பிள்ளைகளே சொல்ல வேண்டியிருந்தது.

1998-இல் கொச்சியில் கூடிய சர்வதேச அல்சைமர் மாநாட்டின்போது 10/66 ஆய்வுக்குழு உருவானது. மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்கள்தொகை ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதல்ல என்ற கணக்கே அதன் பெயர். 2003-இல் வெளியான அதன் முன்னோட்ட ஆய்வு 25 மையங்களில் 2,885 பேரை உள்ளடக்கியது. நோயாளிகளோடு, மனச்சோர்வு உள்ளவர்கள், நன்கு படித்தவர்கள், படிப்பு குறைந்தவர்கள் என மூன்று ஒப்பீட்டுக் குழுக்களை வைத்தார்கள். புதிய கணிப்பு முறை நோயாளிகளில் 94 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடித்தது. நோயில்லாதவர்களை நோயாளி எனத் தவறாகச் சொன்னது படித்தவர்களிடையே 3, படிப்பு குறைந்தவர்களிடையே 6, மனச்சோர்வு உள்ளவர்களிடையே 15 விழுக்காடு.

2008-இல் வெளியான முதன்மை ஆய்வு ஏழு நாடுகளில் 11 இடங்களில் 65 வயதைக் கடந்த 14,960 பேரைக் கணக்கெடுத்தது. இந்தியாவில் இடம்பெற்றவை சென்னையும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க்கணிப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பு வரையறைப்படி கியூபாவில் 6.3 விழுக்காடாக இருந்த நோய், வேலூர்க் கிராமங்களில் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு மூவர். அந்த வரையறைக்கு நினைவாற்றல் குறைந்தால் மட்டும் போதாது; அதனால் சமூக வாழ்வோ தொழிலோ பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். குழுவின் சொந்தக் கணிப்பு முறையிலோ எல்லா இடங்களும் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் நெருங்கி நின்றன. ஒரே கிராமம், அதே முதியவர்கள், அதே நேர்காணல். மாறியது வரையறை ஒன்றுதான்.

எண்கள் வீட்டின் எதிர்பார்ப்பையும் அளக்கின்றன என்ற முடிவுக்கு எதிரான வாதங்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. முதலாவது, புதிய முறை நோய் என்ற பெயரில் எழுத்தறிவின்மையை அளக்கிறது என்பது. முன்னோட்ட ஆய்வின் 6 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நோயே அரிதாக உள்ள ஊரில், நலமானவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் தவறாகச் சேர்ந்தால் மொத்தக் கணக்கும் வீங்கிவிடும். இதற்கான பதில் பின்தொடர்தலில் கிடைக்கிறது. அமெரிக்க வரையறையில் சேராமல் குழுவின் முறையில் மட்டும் சிக்கிய 847 பேரிடம் உடல், செயல் முடக்கம் மிகுந்திருந்தது. மூன்றாண்டு கழித்துச் சென்னையில் பார்த்தபோது, நோயாளி எனக் கணிக்கப்பட்டவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எஞ்சியவர்களில் பெரும்பாலோரின் நிலை மேலும் சரிந்திருந்தது. எழுத்தறிவின்மை மட்டுமே காரணமாக இருந்தால் மூன்றாண்டில் இப்படிச் சரிவு நேராது.

இரண்டாவது வாதம் கடினமானது: நோய் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். பல்லப்கரில் புதிதாக அல்சைமர் நோய்க்கு ஆளாவோரின் வீதம், 65 வயதுக்கு மேல், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7, ஒப்பிடப்பட்ட அமெரிக்க மோனோங்கஹீலா பள்ளத்தாக்கில் 17.5. நைஜீரியாவின் இபடானை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரக் கறுப்பினத்தவரோடு ஒப்பிட்ட ஆய்விலும் இதே சாயல் தென்பட்டது. நோயாளிகள் சீக்கிரம் இறந்துவிடுகிறார்கள், அதனால்தான் எண்ணிக்கை குறைகிறது என்ற வழக்கமான விளக்கம் புதிய நோயாளிகளின் வீதத்துக்குப் பொருந்தாது. நோய்வாய்ப்பை உயர்த்தும் ஏபிஓஇ-4 மரபணு வகை பல்லப்கரில் குறைவாகவே இருந்ததும் பதிவாகியுள்ளது. ஆக, வித்தியாசத்தில் ஒரு பங்கு உயிரியலைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் ஒரே கிராமத்தில் வரையறை மாறியதும் பல மடங்கு ஏறிய எண்ணுக்கு மரபணு விளக்கமாகாது; புதிய நோயாளியைக் கண்டறிவதும் கடைசியில் வீட்டார் சொல்லும் பதிலையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

பிற்காலத்தில், நாடளாவிய முதுமை ஆய்வின் பகுதியாக நடந்த மறதிநோய்க் கணிப்பு 2023-இல் வெளியானது. அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, ஏறத்தாழ 88 லட்சம் பேர், என்பது அதன் மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. மாநிலங்களுக்கிடையே வேறுபாடும் பெரிது.