மியூவான் காந்தத் திருப்புதிறன் முரண்

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறை கொண்ட அடிப்படைத் துகள். காந்தப்புலத்தில் அதன் தற்சுழற்சி அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போலத் தலையாட்டிச் சுழலும். அவ்வேகத்தைத் தீர்மானிக்கும் 'ஜி' என்னும் எண், பால் டிராக்கின் 1928-ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி சரியாக 2. வெற்றிடத்தில் கணநேரம் தோன்றி மறையும் துகள்களால் அது சற்றே கூடுகிறது. எலக்ட்ரானுக்கு இக்கூடுதலை 1948-இல் ஜூலியன் சுவிங்கர் கணக்கிட்டார். மியூவான் கனமானது என்பதால், இதுவரை அறியப்படாத கனத்த துகள்களின் தடயம் அதில் சுமார் 43,000 மடங்கு மிகுதியாகத் தெரிய வேண்டும். அளவீடும் கணக்கும் மாறுபட்டால் புதிய துகள் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இதனாலேயே எழுந்தது.

செர்ன் ஆய்வகம் 1959 முதல் 1970-களின் இறுதிவரை மூன்று சோதனைகளை நடத்தியது. அவற்றில் பெரிய முரண் தென்படவில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் 2001 தொடக்கத்தில் வெளியிட்ட முடிவு கணக்கிலிருந்து விலகி நின்றது. ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள், கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு பகுதியில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது தெரியவந்தது. திருத்தியதும் வேறுபாடு சுருங்கியது. பின்வந்த தரவுகளால் மீண்டும் விரிந்தது.

2013-இல், சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள அந்தக் காந்த வளையம் பிரிக்கப்படாமலே, புளோரிடாவைச் சுற்றிக் கடல்வழியாகவும் ஆறுகள் வழியாகவும் இலினாய் மாநிலத்தின் பெர்மி ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2021 ஏப்ரல் 7 அன்று வெளியான முதல் முடிவு புரூக்ஹேவன் அளவீட்டை உறுதிப்படுத்தியது. இரண்டையும் சேர்த்தால் கோட்பாட்டுடனான வேறுபாடு 4.2 சிக்மா, கண்டுபிடிப்பு என அறிவிக்க வழக்கமாக 5 சிக்மா தேவை.

சிக்கல் குவார்க்குகளின் பங்கில் இருந்தது. அதை நேரடியாகக் கணக்கிடுவது மிகக் கடினம். எனவே எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவுகளிலிருந்து அதன் மதிப்பு பெறப்பட்டுவந்தது. பெர்மி முடிவு வந்த அதே நாளில், மீத்திறன் கணினிகளில் வெளியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்ட ஒரு குழுவின் ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. அதன் மதிப்பு அளவீட்டுக்கு மிக நெருக்கமாக இருந்தது. செய்தித்தாள்களில் முதல் செய்தியே பெரிதாக இடம்பெற்றது. இரண்டாவதே அதிகம் நிலைத்தது எனலாம்.

2025 மே மாதம் கோட்பாட்டாளர் கூட்டமைப்பு கட்டக் கணிப்பையே ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் வெளியான பெர்மி ஆய்வகத்தின் இறுதி அளவீடு, நூறு கோடியில் 127 பங்கு துல்லியத்துடன் அதற்கு ஒத்துப்போனது. அளவீடு பெரிதாக மாறவில்லை, நகர்ந்தது கணக்குதான். பழைய மோதல் தரவுகளும் 2023-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் கிடைத்த புதிய தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதற்கான காரணம் இன்னும் ஆராயப்பட்டுவருகிறது.