தொடை எலும்புத் திருக்கம்: குழந்தைகளில் படவழி அளவீடு

தொடை எலும்பின் கழுத்து, முழங்கால் அச்சிலிருந்து எவ்வளவு முன்னோக்கித் திரும்பியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே முதலிய படங்களைக் கொண்டு அளக்கும் முறை. பிறந்த குழந்தைக்கு இக்கோணம் 40 டிகிரி அளவில் இருக்கும். வளர்ச்சி முடிவதற்குள் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இறங்காத பிள்ளை பாதத்தை உள்ளே திருப்பி நடக்கும்; ஓடும்போது இடறும். சம்மணம் போட அதற்கு வராது. முழங்கால்களை முன்னே சேர்த்து, பாதங்களை இரு பக்கமும் விரித்துப் போட்டு மணிக்கணக்கில் சுகமாக விளையாடும். பந்தியில் உட்காரும்போது பாட்டிமார் கண்ணில் இது முதலில் படும். டிகிரிக் கணக்கெல்லாம் பிறகுதான்.

உலர்ந்த எலும்பை மேசையில் கிடத்தி அளப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த பிறகும் அரை நூற்றாண்டுக்குச் சிற்சில முயற்சிகளே நடந்தன.

1950-களில் முறைகள் அடுத்தடுத்து வந்தன: டன் (1952), ரைடரும் கிரேனும் (1953), ரிப்ஸ்டைன் (1955), மகிலிகன் (1956). எக்ஸ்ரே ஒரு தட்டை நிழல்; முறுக்கு அதில் நேரடியாகத் தெரியாது. ஆகவே இரண்டு படம் எடுத்தார்கள். ரிப்ஸ்டைன் முறையில் முதல் படம் நேராக. இரண்டாவதற்குப் பிள்ளை மல்லாந்து படுக்க, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடிய, தொடைகள் 20 டிகிரி விலக, கெண்டைக்கால்கள் ஒரு தாங்கியின் மேல் கிடக்கும். இரு நிழல்களிலும் கிடைத்த கோணங்களை அட்டவணையில் பொருத்தினால் உண்மைக் கோணம் வரும். எளிய தாங்கி, ஒரு தாள் அட்டவணை: சிக்கனமான அறிவியல் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளை காலை அசைத்தால் எண்ணும் அசைந்துவிடும். கைக்குழந்தைகளின் இடுப்பு மூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் நிழலே சரியாக விழாது.

மௌல்டனும் உபாத்யாயும் 1982-இல் அல்ட்ராசவுண்ட் வழியை வெளியிட்டனர். சி.டி. ஸ்கேனில் கழுத்து வழியே ஒரு வெட்டு, முழங்கால் முண்டுகள் வழியே ஒரு வெட்டு, இடைக்கோணமே விடை. கழுத்தின் அச்சு எது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. கோட்டை வரையும் விதத்துக்கேற்ப விடை மாறுவதை மர்ஃபி குழு 1987-இல் காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கலாம். நின்றபடி குறைந்த கதிரில் எடுக்கும் இ.ஓ.எஸ். கருவி அண்மைக்காலத்தது.

இந்தியாவில் உலர் எலும்புகளை அளந்து 2003-இல் வெளியான ஆய்வின் சராசரி ஏறத்தாழ 8 டிகிரி. மேலைநாட்டு எண்களைவிடக் குறைவு. தரையில் அமரும் பழக்கம் காரணமாகலாம் என்பர், உறுதிப்படவில்லை. அது வளர்ந்தோரின் கணக்கு. பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதுக்குள் தானே சீராகிவிடுவதால், மருத்துவர் குப்புறப் படுக்கவைத்துக் கையால் அளப்பதே பொதுவாகப் போதும். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கும், எலும்பைத் திருப்பிவைக்கும் அறுவைக்கு முன்பும்தான் படவழி அளவீடு பெரும்பாலும் தேவைப்படுகிறது.