கடனாய் வந்த கம்பளியும் கையால் தைத்த சட்டையும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் உரிமை, கூலி, சட்டம், போராட்டம் ஆகியவற்றையே முதற்கண் ஆராய்தல் இயல்பு. இலங்கை மலைநாட்டுத் தமிழரைப் பற்றிய நூல்களும் பெரும்பாலும் இந்நெறியே சென்றுள்ளன. அம்மக்கள் எவ்வழியாக வந்தனர், தோட்டக் கூலி எவ்வளவு, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விளைத்த கேடு யாது என்னும் வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அவர்கள் எதை உடுத்தினர், அதனை எவ்வாறு பெற்றனர், யார் தைத்துக் கொடுத்தனர் என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெற்றில. உடை சிறு பொருளன்று. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் உடையின் வரலாறு கடனின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. கடனாய் வந்த கம்பளியில் தொடங்கும் அவ்வரலாறு, லயத்து அறையிலே பெண்ணொருத்தி தன் கையால் தைத்த சட்டையில் வந்து சேர்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு மிக நெடிது.

1820களிற் கோப்பிச் செய்கை மலைநாட்டில் வேரூன்றத் தொடங்கிய காலந்தொட்டு, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தோர் பலர். அவர்கள் விட்டுவந்த நாடு வெப்பமிக்க சமவெளி. அங்கே ஆடவர்க்கு அரையில் ஒரு வேட்டியும், பெண்டிர்க்கு உடலைச் சுற்றி ஒரு சேலையும் போதுமானவையாக இருந்தன. இரண்டும் தறியிலிருந்து எடுத்தபடியே உடுப்பவை, ஊசி தீண்டாதவை. தைத்த உடை செல்வத்திற்கும் சாதிநிலைக்கும் அடையாளமாக விளங்கிய காலம் அது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் பல்லாண்டு நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் 1859 ஆம் ஆண்டு அரச பிரகடனத்திற்குப் பின்னரே ஓரளவு தணிந்தது என்பதை நினைவுகூர்ந்தால், ஒரு முழத் துணியின் பின்னே எத்துணைப் பெரிய சமூகச் சிக்கல் நின்றது என்பது விளங்கும்.

அத்தகைய ஒற்றை ஆடையோடு வந்தவர்களை எதிர்கொண்டது மலைக்குளிர். ஹற்றன் கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலும், நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலும் உயர்ந்தவை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்பவன் மீது பனியும் மழையும் மாறி மாறி வீழும். அந்நிலையில் தோட்டம் அளித்த முதல் உடை கம்பளி. அதனை இரண்டாக மடித்துத் தலையில் கவிழ்த்தால் அது மழைக்குக் கொங்காணி. இரவில் விரித்தால் படுக்கை. குழந்தையைச் சுற்றினால் தொட்டிற்சீலை. ஆயின், அது கொடையன்று. அரிசியும் கம்பளியும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் பற்று எழுதப்பட்டன. அவன் தோட்டத்தில் முதல் நாள் மண்வெட்டியைத் தொடுமுன்னரே கடனாளியாயினான். கங்காணியின் கணக்கு அவனைத் தோட்டத்தோடு பிணித்தது. கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டின்றி அவன் வேறு தோட்டத்திற்குச் செல்லல் இயலாது. உடலைக் குளிரிலிருந்து காத்த கம்பளியே அவனைக் கட்டிய கயிற்றின் ஒரு புரியாகவும் இருந்தது.

இத்துண்டு முறையை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1919 இல் அவர் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் இதன்பொருட்டு உழைத்தது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அக்காலத்தே தோட்டத்தின் எல்லைக்குள் வெளியார் எவரும் எளிதிற் புகல் இயலாது. துரைத்தனத்தின் காவல் அத்துணைக் கடுமையானது. எனினும், ஒருவனுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. அவன் தோளிலே துணிமூட்டை சுமந்து லயந்தோறும் செல்லும் பொட்டணி வியாபாரி. சேலை, வேட்டி, சீத்தைத் துணி, ஊசி, நூல், பொத்தான் முதலியன அவனது மூட்டையிலிருந்தே லயத்துக்கு வந்தன. பின்னாளிலே தோட்டத் தொழிலாளர்க்கு முதல் தொழிற்சங்கத்தை அமைத்த கோ. நடேசய்யர், 1919 இல் தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்தபோது, தோட்டத்து மக்களின் நிலையை நேரிற் காண்பதற்குப் புடவை வியாபாரி போன்றே உட்சென்றார் என்பது வரலாறு. மலைநாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் அடி ஒரு துணிமூட்டையின் மறைவில் எடுத்து வைக்கப்பட்டது எனல் மிகையாகாது. துணி வேண்டும் என்னும் ஏக்கம் எவ்வளவு ஆழமானதாயின், அத்துணைக் காவலையும் கடந்து அவ்வியாபாரி உள்ளே செல்ல இடமுண்டாயிருக்கும் என்பதையும் எண்ணுதல் தகும்.

1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929 இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்டிர்க்கு 43 சதமும், சிறுவர்க்கு 32 சதமும் கூலியாக விதிக்கப்பட்டன. கணவனும் மனைவியும் ஒருநாள் முழுதும் உழைத்தால் இருவர்க்குமாக 97 சதம். ஒரு ரூபாவுக்கும் மூன்று சதம் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அக்கூலியும் குறைக்கப்பட்டது. இவ்வருவாயில் உண்டு, மருந்து வாங்கி, திருவிழாவுக்கு வரி கொடுத்து, எஞ்சியதைக் கொண்டே துணி எடுத்தல் வேண்டும். ஆகவே புதுத்துணி தீபாவளிக்குரிய பொருளாயிற்று. அதற்கும் பெரும்பாலும் முற்பணமே வழி. தீபாவளி முற்பணம் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. கம்பளிக் கடன் நீங்கிய பின்னரும் உடைக்கும் கடனுக்கும் உள்ள உறவு முற்றாக அறவில்லை.

இந்நிலையிலே தையற்பொறியின் வருகை ஒரு திருப்பமாயிற்று. 1851 இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் அப்பத்தாண்டிலேயே தவணை முறையில் விற்பனை செய்யத் தொடங்கியது. 1877 இல் அது இலங்கைக்கு வந்தது. கையாற் சுழற்றும் பொறிக்கும் காலால் மிதிக்கும் பொறிக்கும் மின்சாரம் வேண்டா. மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே நெடுங்காலம் கழித்த லயத்து அறைகளுக்கு இதனினும் பொருத்தமான இயந்திரம் வேறில்லை. முதலில் நகரத்துக் கடைத்தெருத் தையற்காரரிடமும், பின்னர் மெல்ல மெல்லத் தோட்டங்களிலும் அதன் ஓசை கேட்கலாயிற்று. சீட்டுப் பிடித்தோ, தவணை கட்டியோ பொறி வாங்கிய குடும்பம் மீண்டும் கடன்பட்டதே என ஒருவர் வினவலாம். கடன்தான், ஆயின் வேற்றுமை உண்டு. கம்பளிக் கடன் தீருமுன் கம்பளி கிழிந்துவிடும். பொறியின் கடன் தீர்ந்தபின் பொறி எஞ்சி நிற்கும். தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். அண்டை வீட்டுச் சட்டைகளைத் தைத்துச் சிறு வருவாயும் ஈட்டித் தரும். கடன்பட்டவளே பொருளுக்கு உடையவளானாள்.

கொழுந்து கொய்யும் பெண்ணின் உடை எங்கே முதலில் நைந்துபோம் என்பதை லயத்துத் தையற்காரி நன்கு அறிவாள். தேயிலைச் செடியின் கிளை உரசும் இடையும் தொடைப்பகுதியும் சேலையில் முதலிற் கிழியும். அதனைத் தடுக்கவே சாக்கைப் படங்காக இடையிற் கட்டினர். கூடை உரசுவதால் ரவிக்கையின் முதுகுப்புறம் தேயும். ஆகவே, நைந்த பகுதியை வெட்டி நீக்கி, நலமாக எஞ்சிய முந்தானையையும் கரையையும் காப்பதே தையலின் முதற்பாடம். ஒரு சேலை பழையதானால், உறுதியான பகுதி சிறுமியின் பாவாடையாகும். அதனினும் சிறியது கைக்குழந்தையின் சட்டையாகும். கரை கழற்றப்பட்டு மற்றொரு ரவிக்கையின் கைவிளிம்பாகும். எஞ்சிய துண்டுகள் அடுக்கித் தைக்கப்பட்டுப் போர்வையாகும். ஆடவரின் பழங்கோட்டும் இவ்வாறே. வேட்டிக்கு மேலே கோட்டும் தலைப்பாகையும் அணிவது மலைநாட்டு ஆடவரின் பழைய கோலம். கங்காணிக்கு அது பெருமைக்குரியது. ஏனையோர்க்குக் குளிர் காப்பது. வேற்றாள் அணிந்து கழித்த கோட்டின் தோளை ஒடுக்கி, கையைக் குறுக்கி, உட்துணியை மாற்றித் தைத்தால் அது இன்னும் சில மாரிகளுக்கு உதவும்.

பழைய கோலங்கள் நிலைத்து நின்றமைக்கும் இச்சிக்கனமே காரணம். அளவுப் படிவம் அச்சிட்ட தாள்களை விலைக்கு வாங்க இயலாதவள், நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைத் தையல்வழியே பிரிப்பாள். துண்டுகளை நீவி மடிப்பு நீக்கிச் செய்தித்தாளின் மேல் வைத்து வரைவாள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கும், பக்கங்களில் ஓர் அங்குலம் பின்னர்ப் பிரித்து விடுவதற்கும் கூட்டி வெட்டுவாள். இவ்வாறு தாயின் ரவிக்கையே மகளின் ரவிக்கைக்குப் படிவமாகும். தோளருகே சுருக்கம் வைத்துப் புடைத்து நிற்கும் பஃப் கைக்குத் துணி மிகுதியாக வேண்டும். கை அகலத்தினும் ஏறக்குறைய அரைப்பங்கு கூட்டி வெட்டி, இரண்டு வரிசை ஓட்டுத்தையல் இட்டு, நூலை இழுத்துச் சுருக்குதல் வேண்டும். அத்துணியைப் பழைய சேலையிலிருந்து எடுத்தவளுக்கு அழகும் குறைவின்றிக் கிடைத்தது; செலவும் மிகவில்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழிக்குத் 'தைத்தும் கட்டு' என்னும் ஓர் உரையை மலைநாட்டுப் பெண்கள் எழுதினர் எனலாம்.

இச்சிக்கனம் இவர்க்கே உரியதன்று. 1930களில் அமெரிக்க உழவர் வீட்டுப் பெண்கள் மாவு மூட்டைத் துணியிற் சட்டை தைத்தனர். அதனை அறிந்த மாவு நிறுவனத்தார் மூட்டைகளிற் பூ அச்சிட்டனர். பிரித்தானியாவில் 1941 இல் உடைப் பங்கீடு வந்தது. இருப்பதைத் திருத்தி உடுக்கும் முறையை அரசாங்கமே 1943 இல் சிறு நூலாக வெளியிட்டுத் தன் குடிமக்களுக்குக் கற்பித்தது. தோட்டத் துரைமாரின் தாய்நாடு போரினால் கற்ற பாடத்தை, அவர்தம் தோட்டத்துப் பெண்கள் நூலின்றியே கற்றிருந்தனர்.

1927 நவம்பரில் மகாத்மா காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்து மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றினார். தன் உடைக்குப் பிறரை எதிர்பாராமை விடுதலையின் ஒரு கூறு என்பது அவர் கொள்கை. தோட்டத்து மக்களிடம் பருத்தியும் இல்லை, தறியும் இல்லை. ஆயினும், நூற்கவும் நெய்யவும் இயலாதவர்க்கும் தைத்தல் இயன்றது. அம்மட்டில் அவர்களும் அக்கொள்கையின் ஒரு பகுதியை வாழ்ந்து காட்டினர்.

1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதி ஒடுக்கப்பட்டுத் துணி அரிதானபோதும், 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியபோதும் ஊசி ஓயவில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1992 இல் நாடெங்கும் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. தோட்டத்து இளம்பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். ஆங்கே ஒருத்தி நாள்முழுதும் கழுத்துப்பட்டையே தைப்பாள். மற்றொருத்தி கையையே பொருத்துவாள். முழுச் சட்டையை வெட்டித் தைத்து முடிக்கும் அறிவு எவருக்கும் வேண்டப்படுவதில்லை. நுவரெலியாவின் பேல் பசாரிலோ குளிர்காப்புச் சட்டைகள் மலிவாய்க் குவிந்தன. ஆயத்த ஆடை மலிந்தமை நன்மையே. எனினும், தாய் அறிந்த கலையை மகள் அறியாது போதல் இழப்பே. 2021 இல் நாட்கூலி 1000 ரூபாவாக உயர்ந்து, அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்து விலைவாசி அவ்வுயர்வை விழுங்கியபோது, அக்கலையின் அருமை மீண்டும் விளங்கிற்று.

2007 இல் கம்பளைக்கு அண்மையிற் பீகொக் தோட்டத்திலே தொழிலாளர் வாழ்வுக்கென ஓர் அருங்காட்சியகம் தோன்றியமையும், மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தமையும், இம்மக்கள் தம் வரலாற்றைத் தாமே பேணத் தொடங்கியமைக்குச் சான்றுகள். அவ்வரலாற்றில் உடைக்கும் உரிய இடம் வேண்டும். சட்டங்களும் அறிக்கைகளும் ஆவணக் காப்பகத்திற் கிடக்கும். அவை எளிதில் அழியா. பாட்டியின் பெட்டியிற் கிடக்கும் பஃப் கை ரவிக்கையோ பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். அதை வெட்டிய முறையோ அவள் விரல்களில் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. வரலாறு பயிலும் மாணவர் விடுமுறையில் அவளிடஞ் சென்று, அச்சட்டையின் அளவை எடுத்து, அது எந்தச் சேலையிலிருந்து பிறந்தது, எந்த ஆண்டில், எவர்க்காகத் தைக்கப்பட்டது என எழுதி வைப்பாராயின், அது ஒரு நற்பணியாகும். கடன் கணக்கை எழுதிய ஏடுகள் பல எஞ்சியுள்ளன. கடனை வென்ற கைகளின் கணக்கை எழுதும் ஏடு இனித்தான் தொடங்கப்படல் வேண்டும்.