வைசன்பார்ன் ஹவாய் கிட்டார்

மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் மரக் கிட்டார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹெர்மன் வைசன்பார்ன் லாஸ் ஏஞ்சல்ஸில் செய்தவற்றுக்கு இந்தப் பெயர். மின்கிட்டாருக்கு முந்தைய ஹவாய் வாத்தியங்களில் குரலினிமைக்கு இதை மிஞ்சியது இல்லை எனலாம்.

கிட்டார் ஹவாய்க்குப் போனது மாடுகளோடுதான். 1793இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவர் கொண்டுவந்து விட்ட மாடுகள் பெருகிக் காடுகரையெல்லாம் மேயத் தொடங்கின. அவற்றைப் பிடித்து வசப்படுத்த, 1830களில் மெக்சிகோ மாட்டுக்காரர்களை மன்னர் மூன்றாம் கமேஹமேஹா வரவழைத்தார். அவர்கள் கையோடு வந்த கிட்டாரைத் தீவுமக்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்பத் தளர்த்திச் சுருதி கூட்டிக்கொண்டார்கள். வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டவர் என்ற பெருமை ஓவாஹு தீவின் லாயியே ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகுவுக்கு உரியது. 1880களின் பிற்பகுதியில், பள்ளி மாணவனாக இருந்தபோதே, சீப்பு, கத்தியின் முதுகு என்று பலவற்றைத் தந்தியில் வைத்துப் பார்த்து, கடைசியில் எஃகுத் துண்டில் வந்து நின்றார். 1904இல் ஹவாயை விட்டுக் கிளம்பியவர், ஊர் ஊராக வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932இல் நியூஜெர்சியில் காலமானார்.

1912இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' நாடகமும் 1915 சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியும் அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசை மோகத்தைக் கிளப்பின. அந்த அலையில்தான், வயலினும் பியானோவும் பழுதுபார்த்துவந்த வைசன்பார்ன் ஹவாய் கிட்டாருக்குத் திரும்பினார். அவருக்கு முன்னரே கிறிஸ் நட்சன் என்பவர் கழுத்துக்குள் குடைந்த கிட்டார்களைச் செய்துவந்தார். வைசன்பார்ன் அந்த அமைப்பைச் செம்மையாக்கினார்.

வீணையை அறிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் பிடிபடும். சாதாரண கிட்டாரின் கழுத்து கெட்டி மரம். இதிலோ குடத்தின் வெற்றிடம் தண்டிக்குள்ளும் நீண்டு தலைப்பகுதி வரை போகிறது. தந்திகள் பலகைக்கு வெகு மேலே ஓடும். விரலால் அழுத்தும் வேலை இல்லாததால் மெட்டுகள் வெறும் கோடுகளாகப் பலகையோடு பலகையாகப் பதிந்திருக்கும். உடல் ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோவா மரம். நம் கருவேலத்துக்கு உறவான இது, பொன்னும் பழுப்புமாக அலையோடும் ரேகை கொண்டது. அலங்காரத்தைப் பொறுத்து நான்கு தரங்கள் இருந்தன. முதலாவதில் அலங்காரம் இல்லை, நான்காவதில் விளிம்பெங்கும் கயிறு முறுக்கியதுபோன்ற மர வேலைப்பாடு. லாஸ் ஏஞ்சல்ஸ் இசை ஆசிரியர் டிலானோ 'கோனா' என்ற பெயரில் விற்றவை இதன் நெருங்கிய உறவு: உடல் சிறியது, ஆனால் ஆழம் கூடுதல்.

1927இல் உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டார் வந்தது. 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'வாணலி' மின்கிட்டார் சந்தைக்கு வந்தபின் மரக் கிட்டாரைத் தேடுவாரில்லை. வைசன்பார்ன் 1937இல் இறந்தார். அவர் வாத்தியங்கள் பரணுக்கும் அடகுக்கடைக்கும் போயின. பல பதிற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் லிண்ட்லியும், அவரைத் தொடர்ந்து பென் ஹார்ப்பரும் மேடையேற்றிய பிறகே மறுபடி அவற்றுக்கு மதிப்பு வந்தது. ஹவாய் முறை இந்தியாவில் வேரூன்றியது தனிக்கதை: 1940களில் ஹவாய் இசைக் கலைஞர்களான டாவ் மோ குடும்பத்தார் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள், பின்னாளில் இந்தியக் கிட்டார் கலைஞர்கள் பிரிஜ் பூஷண் காப்ராவும் விஷ்வ மோகன் பட்டும் அதை இந்துஸ்தானி ராகங்களுக்குப் பழக்கினார்கள்.

இன்று கைக்குக் கிடைக்கும் பழைய வாத்தியம் பெரும்பாலும் நோயாளிதான். பலகைகள் மிக மெல்லியவை. வறண்ட காற்றில் ரேகையோடு வெடிக்கும். தடித்த தந்திகளைப் பூட்டினால் குதிரை பெயர்ந்து, அதன் முன்பகுதி குழிந்துவிடும். நல்ல பழுதுபார்ப்பவர் வெடிப்பை மூடி, உள்ளே சிறு மரத்துண்டுகளை ரேகைக்குக் குறுக்காக ஒட்டுவார். அதற்கு ஏற்றது பழைய வச்சிரப் பசையே. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும் என்பதால், அடுத்த தலைமுறையும் சேதமின்றிப் பிரித்துப் பார்க்க முடியும். பலகைக்கு வலுவூட்டுகிறேன் என்று உள்ளே கட்டைகளை அடுக்குவதும், மங்கிய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசுவதும் பெருந்தவறு. இந்தக் கிட்டாரின் குரல் அந்த மெல்லிய பலகையின் அதிர்வில் இருக்கிறது. அதைத் தடிக்க வைத்தால் வாத்தியம் பிழைத்தாலும் குரல் பிழைக்காது. பழைய வைசன்பார்ன் ஒன்று கையில் கிடைத்தவர்கள், முதலில் மெல்லிய தந்திகளை மாட்டி, மெருகில் கைவைக்காமல், விஷயம் தெரிந்த கைவினைஞரிடம் கொண்டுபோக வேண்டும்.