சொல்லும் தாளமும்: சுரக்குறிப் பிணைப்புக்கோட்டின் வரலாறு

மேனாட்டு முறையில் அச்சிடப்பட்ட ஞானப்பாட்டு ஒன்றின் சுரத்தாளை நோக்குவோர், குவேவர் எனப்படும் அரைத்தட்டுக் குறிகள் இருவகையாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். சில குறிகள் தத்தம் தண்டின் நுனியில் சிறு கொடியுடன் தனித்து நிற்கும். வேறு சில, தடித்த கோடு ஒன்றினால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் பீம் எனப்படும் இக்கோட்டை ஈண்டுப் பிணைப்புக்கோடு என அழைப்போம். இது வெறும் அழகுக்காக இடப்படுவதன்று. தட்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது ஒரு பயன். ஒரே அசைக்குரிய சுரங்கள் எவை என்று காட்டுவது மற்றொரு பயன். இவ்விரண்டும் எப்போதும் இசைந்து வருவதில்லை. இசையாதபோது கோடு எதற்குப் பணி செய்ய வேண்டும், சொல்லுக்கா, தாளத்திற்கா? இவ்வினாவின் பின்னே திருச்சபையின் நீண்ட வரலாறு உண்டு.

தொடக்கத்தில் கோடு சொல்லுக்கே உரியதாயிருந்தது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மடாலயங்களில் எழுதப்பட்ட நியூம் குறிகள் வழிபாட்டு வாசகத்தின் மேல் இடப்பட்டவை. ஓர் அசையைப் பல சுரங்களில் நீட்டிப் பாடவேண்டிய இடத்தில் அச்சுரங்கள் பெரும்பாலும் ஒரே குறியாகச் சேர்த்து எழுதப்பட்டன. பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி குயிதோ கோடுகளின்மேல் சுரங்களை நிலைநிறுத்திய பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. லிகச்சர் எனப்பட்ட கூட்டுக்குறி ஒன்று ஓர் அசையை மட்டுமே தாங்கும் என்பதனை சார்லினோ 1558-இல் வெளியிட்ட தமது இசையிலக்கண நூலில் விதியாகவே வகுத்துரைத்தார்.

சீர்திருத்தக் காலத்தில் சொல்லின் தெளிவு இறையியல் வினாவாயிற்று. இலத்தீன் வழிபாட்டில் ஓர் அசை பல சுரங்களில் நீண்டு, பொருள் மக்களுக்கு எட்டாமற் போயிற்று என்ற குறை எழுந்தது. கிரான்மர் 1544-இல் எட்டாம் ஹென்றி மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இயன்றவரை அசைக்கு ஒரு சுரமே அமைய வேண்டும் என்று கருத்துரைத்தார். வின்ட்சர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஜான் மார்பெக், 1550-இல் ஆங்கிலப் பொதுஜெப நூலுக்கு இசையமைத்தபோது பெரும்பாலும் இந்நெறியையே பின்பற்றினார். ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்னும் கருத்துப்படப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது (1 கொரி. 14) இவர்கள் காலத்தில் புதிய வலிமை பெற்றது எனலாம்.

எனினும் அச்சுக்கலை இடையூறு ஒன்றைக் கொணர்ந்தது. பெத்ரூச்சி 1501-இல் வெனிஸ் நகரில் பல்குரல் இசையை அச்சிட்டார். அத்தேஞான் என்பார் பாரிசில் 1528 அளவில் ஒரே அழுத்தத்தில் அச்சிடும் முறையைப் பரப்பினார். இதில் ஒவ்வொரு சுரமும் தன் பகுதிக் கோடுகளுடன் தனி அச்செழுத்தாக வார்க்கப்பட்டது. விலை குறைந்தது, பாட்டுநூல்கள் பெருகின. ஆனால் தனித்தனி எழுத்துகளைக் கோட்டினால் பிணைப்பது அரிதாயிற்று. கையெழுத்தில் எளிதாயிருந்தது அச்சில் இல்லாமற்போயிற்று. இலண்டனில் 1687-இல் வெளிவந்த ஒரு பாடல் தொகுப்பில் பிணைத்த சுரங்களுக்கான புதிய அச்செழுத்து பயன்படுத்தப்பட்டது. லைப்சிக் நகரத்து பிரைட்கோஃப் 1750-களில் நுண்ணிய துண்டுகளை இணைக்கும் முறையைக் கண்டபின் இக்குறை பெரிதும் நீங்கிற்று. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடுவோருக்கோ இத்தடை இருந்ததேயில்லை.

இவ்வாறு கோடு மீண்டும் வந்தபோது இரு வழக்கங்கள் நிலைபெற்றன. வாத்தியத்திற்குத் தட்டின்படி பிணைத்தல். குரலுக்கு அசையின்படி பிணைத்தல். பாக்கின் கையெழுத்துப் படிகளிலும் குரற்பகுதியில் கோடு அசையைத் தழுவிச் செல்வதைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டில் இது மாறத் தொடங்கியது. தாளம் சிக்கலானபோது, கொடிகள் சிதறிய குரற்பகுதியில் தட்டைக் கண்டறிவது கடினமாயிற்று. எனவே குரலுக்கும் தட்டின்படியே பிணைத்து, ஓரசைச் சுரங்களை ஸ்லர் எனும் வளைகோட்டால் காட்டும் முறை பரவியது. 2011-இல் வெளிவந்த எலேன் கூல்டின் விரிவான நூலும் இப்புது முறையையே ஆதரிக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. ஞானப்பாட்டிற்குச் சரணங்கள் பல. முதற் சரணத்தில் இரு சுரங்களுக்கு ஓரசையும், மூன்றாம் சரணத்தில் அதே சுரங்களுக்கு ஈரசையும் வரக்கூடும். அசையைப் பின்பற்றும் கோடு இரண்டிற்கும் ஒருங்கே உண்மையாயிருத்தல் இயலாது. மேனாட்டு இராகத்திற்குத் தமிழ்ச்சொல் அமைத்துப் பாடும் நம் சபைகளில், குறிலும் நெடிலும் இடம் மாறுவதால் இவ்விடர் மிகுதி.

நம் பாடற்குழுக்கள் பல அறிந்த டானிக் சால்ஃபா முறை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நாரிச் நகரத்து சாரா குளோவர் அம்மையாரின் முறையை ஜான் கர்வென் என்னும் போதகர் 1840-களில் வளர்த்துச் சீராக்கினார். அம்முறையில் தட்டைக் காட்டுவது எழுத்துகளுக்கிடையே உள்ள புள்ளிகள். ஓரசைச் சுரங்களைக் காட்டுவது அவற்றின் கீழிடும் கோடு. தாளத்திற்கு ஒரு குறி, சொல்லுக்கு வேறொரு குறி. நம் கருநாடக இசையிலோ சுர எழுத்தின் மேலிடும் கோடு காலத்தையே காட்டும். சாகித்தியம் கீழே தனி வரியாக நிற்கும். இருமுறைகளிலும் ஒரே கோட்டின்மேல் இரு பணிகள் சுமத்தப்படவில்லை.

இன்று சுரத்தாளைக் கணினி எழுதுகிறது. 1988-இல் ஃபினாலே, 1993-இல் சிபேலியஸ், 1996-இல் லிலிபாண்ட், பின்னர் மியூஸ்ஸ்கோர் எனச் செயலிகள் பல தோன்றின. இவற்றுள் ஃபினாலேயின் வளர்ச்சியும் விற்பனையும் 2024-இல் நிறுத்தப்பட்டன. இச்செயலிகள் பொதுவாகத் தாளக் குறியை நோக்கித் தாமாகவே பிணைத்துவிடும். கீழே எழுதப்பட்ட சொல்லை அவை கேட்பதில்லை. ஆயினும் அதிகாரம் எழுதுவோரிடமிருந்து பறிக்கப்படவில்லை. லிலிபாண்டில் ஒரு கட்டளையால் தானியங்கு பிணைப்பை நிறுத்தி, வேண்டிய சுரங்களுக்கிடையே பகர அடைப்பினை இட்டுப் பிணைக்கலாம். மியூஸ்ஸ்கோரில் சுரத்தைத் தெரிந்துகொண்டு பிணைக்கவும் பிரிக்கவும் இயலும். இத்துறையில் பழகாதவர், கணினி தருவதே விதி என்று எண்ணிவிடுகின்றனர். அஃது ஒரு மரபின் தெரிவே அன்றி விதியன்று.

ஆகவே பாட்டுத்தாள் ஆயத்தம் செய்யும் போதகரும் மாணவரும் முதலில் வினவ வேண்டுவது: இதனைப் பாடுவோர் யார்? குரலொன்றே பாடும் எளிய கீதமாயின், அசையின்படி பிணைப்பது பாமர விசுவாசிக்கு உதவும். ஆர்கன் வாசிப்பவரும் நாற்குரற் குழுவும் ஒரே தாளை நோக்குவராயின், அல்லது சரணங்கள் தம்முள் மாறுபடுமாயின், தட்டின்படி பிணைத்து ஓரசையை வளைகோட்டால் காட்டுவதே நன்று. ஒரே தாளில் இரண்டையும் கலந்து எழுதுவது மட்டும் தவறு. அது பாடுவோரைத் தடுமாறச் செய்யும்.

குழலும் சுரமண்டலமும் தெளிவாய் ஒலியாவிடில் வாசிக்கப்படுவது யாது என எவரறிவார் என்று அப்போஸ்தலர் வினவியதும் அதே அதிகாரத்திலேதான். சபை பாடும் சொல் சபைக்கு விளங்க வேண்டும். அப்பொறுப்பு சிறியதொரு கோட்டினை எங்கே இடுவது என்பதிலும் அடங்கியுள்ளது.