ரசத்தில் தக்காளி எப்போது வந்தது?



அமெரிக்காவில் மட்டியைப் போட்டு ஒரு சூப் வைக்கிறார்கள். கிளாம் சவுடர் என்று பெயர். நியூ இங்கிலாந்துப் பகுதியில் பால் ஊற்றி வெள்ளையாக வைப்பார்கள். மன்ஹாட்டன் சவுடர் என்பதில் பாலுக்குப் பதில் தக்காளி, நிறம் சிவப்பு. தக்காளி போட்டால் அது சவுடரே இல்லை என்று அங்கே பெரிய சண்டை. 1939-ல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் அதைத் தடைசெய்ய ஓர் உறுப்பினர் மசோதாவே கொண்டுவந்தார்!

சிரிக்காதீர்கள். நம் ரசத்திலும் இந்தக் கதை உண்டு.

நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்தபோதும், 1698-ல் அது முகலாயர் கைக்குப் போனபோதும், இங்கே கொதித்த ரசத்தில் தக்காளி இருந்திருக்க வாய்ப்பில்லை. புளியும் மிளகும்தான். தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. நம் நாட்டில் அது பரவலாகப் பயிரானது ஆங்கிலேயர் காலத்தில்தான்.

ஆதாரம் நம் வீட்டிலேயே இருக்கிறது. தக்காளி என்பது முதலில் நம் ஊர்ச் சிறுசெடி ஒன்றின் பெயர். வெளியிலிருந்து வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்துவிட்டது. இன்றும் பல வீடுகளில் திதிச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை, மிளகு ரசம்தான். பழைய சமையல் அந்த ஒருநாள் இலையில் மட்டும் தங்கிவிட்டது.

நம் ரசமும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் 'மிளகுத் தண்ணி'யில் இறைச்சியைச் சேர்த்து, 'முல்லிகாடானி' என்று சூப்பாக்கித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன்? "எங்க அம்மா வைக்கிறதுதான் ரசம், நீ வைக்கிறது இல்லை" என்று புது மருமகளிடம் சொல்லும் வீடுகளைப் பார்க்கிறேன். அந்த அம்மாவின் ரசத்திலும் தக்காளி இருக்கிறது. அதை முதலில் போட்ட மருமகள் என்ன பேச்சு வாங்கினாளோ! அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: அவர்கள் சின்ன வயதில் தக்காளியை என்ன பெயரில் அழைத்தார்கள், ரசத்தில் போட்டார்களா என்று. ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.